வாக்கர்ஸ் பெண்டில் ஒரு ஜோடி ஷூ

அந்த போட்டோவை பத்மராணி மேடம் நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒரு ஜோடி ஷூ தெரிகிறது என்றேன். இந்த மாதிரி அறிவார்ந்த பதில்களுக்காகத்தான் என்னைக் கூட வைத்திருக்கிறார்.

பொய் சொல்வானேன். மேடத்துக்கு ஃப்ரீவேயில் மெர்ஜ் பண்ண வராது, அதற்காகத்தான் வைத்திருக்கிறார். சென்னை எல்.ஐ.சி.யில் பதினோரு வருஷம், கலிபோர்னியாவில் லைசென்ஸ் வாங்கிய துப்பறிவாளராகப் பதினாறு வருஷம். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுப்பது தொழில். எரிந்த கடையின் சாம்பலைக் கிளறிப் பார்த்து, கொளுத்தியது ஓனரா ஓனரின் மச்சானா என்று சொல்லிவிடுவார். ஆனால் 680-ஆம் நம்பர் ஃப்ரீவேயில் ஒரு லாரிக்கு முன்னால் நுழையச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார். நான் ரூஃபஸ். ஊர் நாகர்கோவில். 2000 பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பும் என்று உலகமே பயந்த ஒய்டுகே புண்ணியத்தில் அமெரிக்கா வந்து, ப்ராஜெக்ட் சீக்கிரமே முடிந்துபோய், கம்பெனிக்காரன் அடுத்த வேலை தேடித் தரும்வரை சும்மா இருக்கிற கோபோல் ப்ரோக்ராமர். என்னிடம் ஒரு பழைய கொரோலாவும் நிறைய நேரமும் இருந்தன.

1999 அக்டோபர் பதிமூன்று, புதன்கிழமை காலை. சான் ரமோனில் ஆபீஸ் பார்க்குக்குப் பின்னால் இருக்கிற ஒரு அபார்ட்மென்டில் உட்கார்ந்திருந்தோம். எதிரே அமலி. காணாமல்போன ஆட்ரியனின் மனைவி. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடி. நாலு நாளாகத் தூங்காத முகம். ஆனாலும் எங்களுக்கு டீ போட்டு, பிஸ்கட்டும் எடுத்து வைத்திருந்தார். அந்த பிஸ்கட்டைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் இரண்டு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை வந்தால் மற்ற தமிழர்கள் சாமான் வாங்கக் காஸ்ட்கோ கடைக்குப் போவார்கள். ஆட்ரியன் கேமராவை எடுத்துக்கொண்டு பாழடைந்த கட்டடங்களுக்குப் போவார். பூட்டிப்போன ஃபாக்டரி, கைவிட்ட பண்ணைவீடு, எதுவானாலும் சரி, உள்ளே புகுந்து படம் எடுத்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவார், பார்த்ததை வீட்டில் ஒரு நோட்டில் குறித்து வைப்பார். கடந்த ஒரு மாதமாக அவர் போய்க்கொண்டிருந்த இடம் வாக்கர்ஸ் பெண்ட். சாக்ரமென்டோ ஆறு பிரிந்து பிரிந்து ஓடுகிற டெல்டாவில் ஒரே ஒரு தெரு உள்ள ஊர். சீனாவிலிருந்து வந்த ஹக்கா மக்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்குக் கரை போட்டு, பேரிக்காய் பயிரிட்டு, கட்டிக்கொண்ட ஊர். பேரிக்காயை டின்னில் அடைக்கிற ஃபாக்டரி மூடியது. பிள்ளைகள் சான் ஹோசேக்குக் குடிபோனார்கள். இப்போது அங்கே இருபது மரக் கட்டடங்கள், பதினோரு பேர், இரண்டு நாய் என்று அந்த வட்டாரப் போலீஸான டெபுட்டி ஷெரிஃப் கணக்குச் சொல்லியிருந்தார்.

போட்டோ அந்த டெபுட்டி எடுத்ததுதான். ஆற்றைப் பார்த்த ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் வராந்தாவில் ஆட்ரியனின் ஷூக்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக, உள்ளே சாக்ஸ் மடித்து வைத்து. கார் கரை ரோட்டில் பூட்டியபடி நின்றது. பர்ஸும் செல்போனும் காருக்குள்ளேயே இருந்தன, ஏனென்றால் ஒரு தடவை இப்படி ஒரு இடத்தில் தொட்டிக்குள் விழுந்து இரண்டையும் நனைத்த பிறகு ஆட்ரியன் கேமராவைத் தவிர எதையும் கையில் கொண்டுபோவதில்லை. டெபுட்டியின் கணக்கு சுலபமானது. இவ்வளவு பொறுமையாக ஷூவைக் கழற்றி வைத்தவன் ஒரு முடிவோடு ஆற்றில் இறங்கியிருக்கிறான். மூன்று நாள் போட் விட்டுத் தேடியாயிற்று. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் தேடுவதை நிறுத்துகிறார்கள். மூழ்கியிருக்கலாம் என்று எழுதிய ஒரு பேப்பரில் அமலி கையெழுத்துப் போட வேண்டும்.

“புதன்கிழமை தோறும் அவங்க அம்மா தூத்துக்குடில இருந்து போன் பண்ணுவாங்க மேடம்,” என்றார் அமலி. “இன்னைக்கும் பண்ணுவாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?”

வீட்டில் ஆட்ரியன் ஷூவை எங்கே கழற்றுவார் என்று மேடம் கேட்டார். அமலி கதவுப் பக்கம் கை காட்டினார். ஆபீஸ் ஷூ ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. இன்னொன்று நாலடி தள்ளி, சாப்பாட்டு நாற்காலிக்கு அடியில் குப்புறக் கிடந்தது. வெள்ளிக்கிழமை வந்து உதறியது, நான் எடுக்கவில்லை, எடுக்க மனசு வரவில்லை என்றார்.

“கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல ஒரு நாளாவது ஜோடியா சேர்த்து வெச்சிருக்காரா?”

“எங்க கல்யாணத்தன்னைக்கே வைக்கல மேடம். ஆல்பத்துல இருக்கு பாருங்க, கோயில் வாசல்ல ஒத்தை ஷூ.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

மேடம் தன் காபி ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அந்த ஃப்ளாஸ்க்கிலிருந்து இதுவரை எனக்கு ஒரு சொட்டுகூடக் கிடைத்ததில்லை. “கார எடு ரூஃபஸ். நீங்களும் வாங்க அமலி. அவர் நோட்டையும் எடுத்துக்குங்க.”

680-ல் வடக்கே போய், நாலாம் நம்பரில் திரும்பி, ஆன்டியாக் பாலம் ஏறி இறங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மேடம் ஒவ்வொரு மெர்ஜுக்கும் கண்ணை மூடிக்கொண்டார். பின் சீட்டில் அமலி ஆட்ரியனின் நோட்டைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். தெருவின் வரைபடம் போட்டு, பார்த்து முடித்த கட்டடங்களுக்கு டிக் அடித்திருந்தார் மனுஷன். பாழாய்ப்போன ஊரைக்கூட ப்ராஜெக்ட் ப்ளான் போட்டுப் பார்க்கிற ஒரே இனம் நாம்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

வாக்கர்ஸ் பெண்டில் காரை நிறுத்தியதும் ஒரு நாய் வந்து டயரை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை என்பது போல் திரும்பிப் போனது. ஆற்றில் ஷெரிஃபின் போட் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற டெபுட்டி, ஆள் குடியில்லாத கட்டடங்களை எல்லாம் பார்த்தாயிற்று, நாலு வருஷமாகக் காலி, வேண்டுமானால் சுற்றிப் பாருங்கள் என்று கையை விரித்தார். காலில் ஆணி ஏறினால் அவர் பொறுப்பில்லையாம்.

டிக் அடித்த கட்டடங்களிலிருந்தே தொடங்கினோம். முதலில் மூலிகைக் கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், இருநூறாவது இருக்கும். ஒன்றை இழுத்து முகர்ந்து பார்த்து ஐந்து நிமிஷம் தும்மினேன். அடுத்தது சூதாட்ட விடுதி. தரையெல்லாம் புழுதி, புழுதி மேல் ஆட்ரியனின் ஷூ தடம். மூன்றாவது பள்ளிக்கூடம். கரும்பலகையில் கடைசியாக யாரோ எழுதிய சீன எழுத்துகள் இன்னும் அழியாமல் இருந்தன. அங்கேயும் ஷூ தடம். அமலி குனிந்து அந்தத் தடத்தின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

மூன்று கட்டடத்திலும் மேடம் எதையுமே பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

நாலாவது அந்த மாடிக் கட்டடம். நோட்டில் டிக் இல்லாதது. வராந்தாவைச் சுற்றி ஷெரிஃப் ஆபீஸின் மஞ்சள் நாடா. சிவப்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெரிய கூடம், கூடத்தின் கடைசியில் ஒரு உயர்ந்த மேடை, மேடை மேல் தங்க எழுத்துப் பலகைகள், ஊதுபத்திக் கிண்ணம். நாடாவுக்கு அடியில் குனிந்து போய், வாசலைத் தாண்டக் காலை எடுத்தேன்.

“நில்லு,” என்றார் மேடம். “கீழே பாரு.”

பார்த்தேன். வெறுங்கால். என் ஷூ ஒன்று தூணோரம் கிடந்தது. இன்னொன்று படியில் உருண்டுகொண்டிருந்தது. எப்போது கழற்றினேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை.

“எதுக்குக் கழட்டின?”

உள்ளே சாமி மாதிரி ஏதோ இருக்கிறதே என்றேன். யார் சாமி என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவன், இது ஹக்காக்காரர்கள் முன்னோரைக் கும்பிடுகிற மன்றம் என்று பிறகுதான் தெரிந்தது, எனக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் கோயில் வாசலில் கழற்றி, சர்ச் வாசலில் கழற்றி, நாகர்கோவிலில் ஏ.சி. போட்ட கம்ப்யூட்டர் சென்டர் வாசலில்கூடக் கழற்றி வளர்ந்த கால் இது. அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“டெபுட்டி ஆத்துக்கு இருபது அடியில ஷூவைப் பார்த்தான். ஆள் ஆத்துல இறங்கிட்டான்னு நினைச்சான்,” என்றார் மேடம். “சாமிக்கும் அது இருபது அடிதான். ஆட்ரியன் ஆத்துப் பக்கமே போகல அமலி. உள்ளே போயிருக்கார். ஷூவை இதோ இவன் மாதிரி உதறிட்டுப் போயிருக்கார்.”

“அப்போ அடுக்கி வெச்சது யாரு?” என்றார் அமலி. மூன்று நாளாக ஷெரிஃப் ஆபீஸில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

மேடம் உள்ளே போனார். மேடையில் ஐந்து ஆரஞ்சு இருந்தது. ஒன்றை அழுத்திப் பார்த்தேன். நேற்று வாங்கியது போல் இருந்தது. நாலு வருஷம் காலியாகக் கிடக்கிற கட்டடத்தில் ஆரஞ்சு எப்படி வாடாமல் இருக்கிறது என்று ஷெரிஃப் ஆபீஸைத்தான் கேட்க வேண்டும். மாடிப்படியில் மூன்றாவது படி மட்டும் புதுப் பலகை, ஆணித் தலைகள் பளபளவென்று இருந்தன. அதற்கு அடியில், இருட்டில், ஒரு கேமரா மூடி கிடந்தது. அமலி அதை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டார்.

மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ரைஸ் குக்கர், ஒரு கிண்ணம், ஒரு கப். யாரோ தனியாளாக, சத்தம் காட்டாமல் குடியிருக்கிறார்கள். கதவு நிலையில் வரிசையாக நாலு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டாக்டனில் உள்ள ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சட்டையில் ஒட்டிவிடுகிற ஸ்டிக்கர். விசிட்டர், நாலாவது மாடி, பேஷன்ட் ஹென்றி லாய். தேதி ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தார்கள்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, புரிந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. இங்கே குடியிருப்பவருக்கு ஹென்றி லாய் என்று ஒரு சொந்தக்காரர், அவருக்கு உடம்பு சரியில்லை, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அவ்வளவுதான். படி உடைந்தது, பலகை மாற்றினார். வாசலில் ஷூ கிடந்தது, அடுக்கி வைத்தார். ஆட்ரியன் எங்கே போனார் என்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை. அமலியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். போய்ப் படியில் உட்கார்ந்தார்.

“பரவால்ல ரூஃபஸ்,” என்றார். “மணி மூணாச்சு. நான் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடறேன். அத்தைக்குப் பொய் சொல்லிட்டே இருக்க முடியாது.”

ஜோக் அடிக்கிற ஆளுக்கு இந்த மாதிரி நேரத்தில் கையைக் காலை எங்கே வைப்பது என்றே தெரியாது. அப்போதுதான் கீழேயிருந்து மேடத்தின் குரல் கேட்டது. ஸ்டிக்கரில் என்ன பெயர் என்று கேட்டார். ஹென்றி லாய் என்றேன். இறங்கி வந்து இதைப் படி என்றார்.

மேடையின் ஓரத்தில் ஒரு போட்டோ. பஸ் டிரைவர் யூனிஃபார்மில் சிரிக்கிற ஒரு மனிதர். போட்டோவுக்கு முன்னால் ஊதுபத்திச் சாம்பல் இன்னும் உதிராமல் வளைந்து நின்றது. ஃப்ரேமுக்குக் கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. ஹென்றி லாய், 1951–1996.

“மூணு வருஷம் முன்னாடி செத்துப்போனவர் ஒன்பதாம் தேதி ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகியிருக்கார்,” என்றார் மேடம். “ஒன்பதாம் தேதி என்ன கிழமை?”

“சனிக்கிழமை,” என்று படியிலிருந்து அமலி எழுந்தே விட்டார்.

செத்தவர்களின் பெயரில் க்ளெய்ம் போடுகிறவர்களைத்தான் மேடம் பதினாறு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதனால் ஓட்டமாகக் காருக்குப் போகிற வழியிலேயே மீதியைச் சொல்லி முடித்துவிட்டார். படி உடைந்து ஆட்ரியன் விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது. பையில் பர்ஸ் இல்லை, பெயர் தெரியவில்லை. இங்கே ஒளிந்து குடியிருந்து ஹென்றிக்கு ஊதுபத்தி ஏற்றுகிறவர் அவருடைய அப்பாவாகவோ அம்மாவாகவோதான் இருக்க வேண்டும், அவருக்கு ஒன்று மட்டும் தெரியும், இந்த நாட்டில் இன்சூரன்ஸ் கார்டு இல்லாமல் ஆஸ்பத்திரிக் கதவு திறக்காது. அது அவ்வளவு சரியில்லைதான். ஆனால் நம் ஆட்களில் பாதிப் பேருக்கும் அதே நினைப்புத்தானே. மகனின் பழைய கார்டைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார்.

ஷெரிஃப் ஆபீஸ் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணியதாகச் சொன்னார்களே என்றேன்.

“பண்ணியிருப்பாங்க. அடையாளம் தெரியாத ஆள் யாராவது இருக்காங்களான்னு கேட்டிருப்பாங்க. அடையாளம் தெரியாதவங்க யாரும் இல்லைன்னு அவங்களும் சொல்லியிருப்பாங்க. இவர்தான் கார்டோட இருக்காரே.”

ஸ்டாக்டன் போகிற வழியில் நான் மூன்று லாரிக்கு முன்னால் மெர்ஜ் பண்ணினேன். மேடம் ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை.

நாலாவது மாடியில் வெயிட்டிங் ரூமில் எழுபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். சட்டையில் ஐந்தாவது ஸ்டிக்கர். நாங்கள் ஹென்றி லாய் என்று சொன்னதும் கண் திறந்தவர், அமலியைப் பார்த்தார், அவர் விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்தார், எழுந்து நின்றுவிட்டார். அவருக்குத் தெரிந்த நாற்பது ஐம்பது ஆங்கில வார்த்தைகளையும் கையையும் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். படி உடைந்தது, தலை, ரத்தம், அவருடைய பழைய ட்ரக். ராத்திரி வீடு திரும்பியபோது வாசலில் கிடந்த ஷூ, திரும்பி வந்து போட்டுக்கொள்வதற்காக எடுத்து வைத்தது. மறுநாள் மஞ்சள் நாடா கட்டியிருந்ததைப் பார்த்து, தன்னைக் காலி பண்ணத்தான் வந்திருக்கிறார்கள் என்று பயந்தது. போலீஸ் பகலில் வருகிறது, பெரியவரோ பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வீடு போகிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

நர்ஸ் பெரிய உடம்புக்காரி, நல்ல மாதிரி. ஹென்றி லாய் பிழைத்துக்கொண்டார், முகமெல்லாம் கட்டுதான், மூளையில் வீக்கம் வடிகிறது, ஆனால் இன்னும் ரொம்பக் குழப்பத்தில் இருக்கிறார் என்றாள். ஆங்கிலம் சுத்தமாக மறந்துவிட்டதாம். ஹென்றி என்று கூப்பிட்டால் கோபம் வருகிறதாம். ஓயாமல் ஹக்கா மொழியிலேயே பேசுகிறாராம்.

ஹக்காதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மேடம் மிகவும் பணிவாகக் கேட்டார்.

கான்டனீஸ் என்கிற சீன மொழிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவந்தார்களாம். இது கான்டனீஸ் இல்லை, ஏதாவது வட்டார மொழியாக இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டாராம். பேஷன்டின் அப்பாவைக் கேட்டார்களாம், அவர் தலையை ஆட்டினாராம். சார்ட்டிலேயே எழுதிவிட்டார்கள். முக்கியமாக ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். வலிக்கிறது என்று அர்த்தமாக இருக்கும் என்று நினைத்து, சொல்லும்போதெல்லாம் வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதனால்தான் எப்போதும் தூக்கம்.

“என்ன வார்த்தை?” என்றார் அமலி.

நர்ஸ் ஞாபகப்படுத்திக்கொண்டு, ஜாக்கிரதையாக உச்சரித்தாள். “அமலி.”

அமலி வாயைப் பொத்திக்கொண்டார். நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் குறிப்புகளை முழுவதும் படித்தேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

மேடம் கவுன்ட்டருக்குப் போனார். அவசரத்தில் கார்டு மாறிப்போயிற்று என்று சொல்லி, அமலியின் கார்டைக் கொடுத்து, ஹென்றி லாயின் கார்டைத் திரும்ப வாங்கினார். அதைப் பெரியவரின் சட்டைப் பையில் போட்டுப் பட்டனும் மாட்டிவிட்டார். யாருடைய பொய் க்ளெய்மையாவது மேடம் கண்டுகொள்ளாமல் விட்டு அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. என்னடா பார்க்கிறாய் என்று முறைத்தார். நான் பார்க்கவே இல்லை என்றேன்.

உள்ளே இரண்டே பேர்தான் போகலாம், அதுவும் குடும்பத்து ஆட்கள் மட்டும் என்றாள் நர்ஸ். மேடமும் நானும் ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் வைத்தோம். கண்டுபிடித்தது நாங்கள்தானே. அமலி எங்களைத் தாண்டிப் போய், பின்வாங்கி நின்றுகொண்டிருந்த பெரியவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

பிறகு அமலியின் குரல் கேட்டது. நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் தூத்துக்குடித் தமிழில், மூச்சு விடாமல், நாலாவது மாடி முழுக்கக் கேட்டது. ஒருதரம் கட்டடம், ஒருதரம் கேமரா, ஒருதரம் அவங்க அம்மா, ஒருதரம் கல்யாண ஆல்பம், நடுநடுவே அழுகை, மறுபடி திட்டு. இடையில் ஒரு பலவீனமான ஆண் குரல் ஏதோ சொல்ல வந்தது. அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

நர்ஸ் கலவரத்தோடு என் தோளைத் தொட்டாள். பேஷன்ட் குழப்பத்தில் இருக்கிறார், அவரைப் பதற்றப்படுத்தக் கூடாது, அந்தப் பெண் அவரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டாள்.

“அவர் யாருன்னு அவருக்கே சொல்லிட்டு இருக்காங்க,” என்றேன்.